சத்துவாச்சாரி வார இறுதி பாலிட்டி பேட்ச்: சாருக்காகச் சேரலாம், நோட்ஸுக்காக வேண்டாம்

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வகுப்பில் சேருங்கள், நோட்ஸ் வாங்காதீர்கள், டெஸ்ட் சீரிஸில் சேரும் முன் நன்றாக யோசியுங்கள். நேரம் இருக்கிறவர்கள் மேலே படிக்கலாம், கொஞ்சம் நீளம்தான்.

வேலூர் சத்துவாச்சாரி பக்கம் மூன்றாவது மாடியில் நடக்கும் ஒரு டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டரின் பாலிட்டி பேட்ச், அதாவது அரசியலமைப்புப் பாட வகுப்பு பற்றியது இது. குரூப் 1, குரூப் 2 மெயின்ஸ் எழுதுகிறவர்களுக்கானது, சனி ஞாயிறு மட்டும், கட்டணம் 6,500 ரூபாய், நோட்ஸுக்குத் தனியாக 1,800, டெஸ்ட் சீரிஸ் சேர்த்தால் இன்னும் 2,000. பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

பாலிட்டி கோச்சிங்கை எடைபோட எல்லாப் பாடத்தையும் பார்க்கத் தேவையில்லை, அதிகாரப் பிரிவினையை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் போதும், அதிலும் சட்டமன்றத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே உள்ள பிரிவினையை. ஏனென்றால் இதை ஒப்பேற்றுவது ரொம்பச் சுலபம். போர்டில் மூன்று கட்டம் போட்டு, சட்டம் இயற்றுவது, நிறைவேற்றுவது, விளக்குவது என்று ஆளுக்கொரு வரி எழுதி, மேலே இந்தக் கொள்கையை எழுதிவைத்த பிரெஞ்சு அறிஞர் பெயரை மாண்டெஸ்கியூ 1748 என்று போட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் கதை முடிந்தது. பல இடங்களில் அப்படித்தான் முடிகிறது, அதை அப்படியே மெயின்ஸில் எழுதிவிட்டு மார்க் வரவில்லையே என்று பிள்ளைகள் புலம்புகிறார்கள்.

இங்கே நடத்தும் சார் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குடியாத்தம் பக்கத்துக்காரர், பேச்சில் இன்னும் வடாற்காடு வாடை போகவில்லை. அவரும் மூன்று கட்டம் போட்டார். போட்டுவிட்டு, முதல் இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருந்த கோட்டைக் கையாலேயே அழித்தார். "இந்தக் கோடு அமெரிக்காவுல கீது, நம்மகிட்ட இல்ல. முதலமைச்சர் எங்க குந்தறாரு? சட்டசபையில. அமைச்சருங்க? அங்கியேதான். அப்ப நிர்வாகம் எங்க கீது, சொல்லு நைனா" என்றார். முன் பெஞ்சில் இருந்த பையன் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு கேள்வியிலேயே கட்டிய காசில் பாதி தேறிவிட்டது என்பேன்.

அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சர் ஆக முடியாது, அரசியலமைப்பே தடுக்கிறது. 2009-ல் ஹிலாரி கிளிண்டன் வெளியுறவு அமைச்சர் ஆனபோது செனட் பதவியை விட வேண்டியிருந்தது. இங்கே நேர் எதிர். அமைச்சர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் அவையில் உறுப்பினர் ஆகாவிட்டால் பதவி போய்விடும், மாநிலத்துக்கு அரசியலமைப்பின் பிரிவு 164(4), மத்தியில் 75(5). அங்கே உள்ளே இருக்கக் கூடாது, இங்கே உள்ளே இல்லாமல் இருக்கக் கூடாது. இதற்கு சார் எடுத்த உதாரணம் நம் மாநிலத்துடையதுதான்: 2001-ல் வேட்புமனுக்கள் தள்ளுபடியான பிறகும் ஜெயலலிதா முதலமைச்சராகப் பதவியேற்றது, அந்த ஆறு மாத வசதி தேர்தலில் நிற்கவே தகுதியில்லாதவருக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று நியமனத்தை ரத்து செய்தது, ஓ. பன்னீர்செல்வம் வந்தது. தேர்தல் கதையாக நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அதைப் பாடத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்ததுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

அப்புறம் சட்டப்பிரிவுகள். சட்டமன்றத்தையும் நிர்வாகத்தையும் பிரித்து வை என்று நம் அரசியலமைப்பில் எங்கேயும் எழுதியில்லை. பிரிவு 50 இருக்கிறது, அது நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டே, அந்த வரிசையில் பிரிவு இல்லாத பிரிவினை என்று இதையும் சேர்த்துக்கொள் என்றார் சார். (சாமி 1981-லேயே ஜலகண்டேசுவரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், கிண்டல்தான் இன்னும் போகவில்லை.)

யாருக்கும் தோன்றாமல் விட்டுப்போனது இல்லை இது. 1948 டிசம்பரில் கே.டி. ஷா, சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை மூன்றுக்கும் நடுவே முழுப் பிரிவினை இருக்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் திருத்தமே கொண்டுவந்தார், சபை அதைத் தள்ளிவிட்டது. அதற்கு முந்தைய மாதம் நவம்பர் 4 அன்று அம்பேத்கர் பேசும்போதே காரணத்தைச் சொல்லியிருந்தார்: அமெரிக்க முறையில் நிலைத்தன்மை அதிகம், நாடாளுமன்ற முறையில் பொறுப்பு அதிகம், இரண்டில் பொறுப்பையே அரசியலமைப்பு வரைவு தேர்ந்தெடுத்திருக்கிறது என்று. கேள்வி, தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம், விவாதம் இவற்றின் வழியாக அரசை அன்றாடம் கணக்குக் கேட்கலாம் என்பதுதான் அந்தப் பொறுப்பு. சுவரை எடுத்துவிட்டுக் கண்காணிப்பைப் போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு இடம் புரிந்தால் மீதிப் பாடம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

வழக்கு என்று வந்தால் 1955-ன் ராம் ஜவாயா கபூர். நோட்ஸில் இது ஒரே வரி: அதிகாரப் பிரிவினையை அதன் முழுக் கடுமையில் நம் அரசியலமைப்பு ஏற்கவில்லை. சரி, மனப்பாடம் செய்யலாம். ஆனால் அது என்ன வழக்கு? பஞ்சாப் அரசு பள்ளிப் பாடப் புத்தகங்களைத் தானே அச்சிட்டு விற்கத் தொடங்கியது, தனியார் பதிப்பாளர்கள் பிழைப்பு போயிற்று, இதற்குச் சட்டம் எங்கே என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே சட்டம் இருந்தாக வேண்டும் என்பதில்லை, செலவுக்குச் சட்டமன்றம் பணம் ஒதுக்கியிருக்கிறது, யாருடைய உரிமையும் பறிபோகவில்லை என்று பதிப்பாளர்களைத் தோற்கடித்தது உச்ச நீதிமன்றம். கையெழுத்துப் போடுவது அரசு, பணப்பெட்டிச் சாவி சபையிடம். பின்னால் 1975-ல் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில் இதே பிரிவினை, நாடாளுமன்றமே நினைத்தாலும் குலைக்க முடியாத அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்று ஆனது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று ஒரு பெண் கேட்டார், சார் அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் டீ பிரேக்கே போய்விட்டது, யாரும் முணுமுணுக்கவில்லை.

ஆனால் இந்த வகுப்பின் நிஜமான சரக்கு வழக்குகள் இல்லை, கோட்டையில், அதாவது சென்னைக் கோட்டையில், அவர் பார்த்த வேலை. சட்டமன்றக் கேள்வி வந்தால் அந்தக் கோப்பு எப்படி ஓடும், நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு வாய்மொழிப் பதில் என்பதால் துணைக் கேள்வி என்னவெல்லாம் வரக்கூடும் என்று கீழே இருப்பவர்கள் எப்படி முன்னாலேயே யோசித்துக் குறிப்பு எழுதி வைப்பார்கள், அமைச்சர் எழுந்து நிற்கும்போது அதிகாரிகள் மாடத்தில் இருப்பவர்களுக்கு எப்படி வியர்க்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டால், கேள்வி நேரம் என்பது டிவியில் பார்க்கும் கூச்சல் மட்டும் இல்லை என்று தெரிகிறது. "செய்து தரப்படும்" என்று அமைச்சர் அவையில் சொல்லிவிட்டால் அது பதிவாகிவிடும், உறுதிமொழிக் குழு பின்னாலேயே வந்து என்ன ஆயிற்று என்று கேட்கும், அதனால் பதில் எழுதித் தருகிறவர் வினைமுற்றைக்கூட அளந்துதான் எழுதுவாராம். பொதுக் கணக்குக் குழு தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு செயலாளர்களையே எதிரில் உட்கார வைத்துக் கேட்கும். துறைச் செலவுக்கு அரசு சபையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையில் வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று உண்டு, மக்களவையில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிக்கூடக் கொண்டுவரலாம், அந்த நூறு ரூபாய்த் தீர்மானம் ஜெயித்துவிட்டால் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை என்று பொருள். இதையெல்லாம் நோட்ஸ் போட்ட ஆள் காதால்கூடக் கேட்டதில்லை போலிருக்கிறது.

ஒரு தம்பி எழுந்து, "சார், எங்க ஊர் பஸ் ஸ்டாப்ல எம்பி பேர் போட்டு நிழற்குடை கட்டிக்கிறாங்களே, எம்பி சட்டம் போடறவர்தானே, அவர் எப்படி நிழற்குடை கட்டறாரு?" என்று கேட்டான். இந்த மாதிரிக் கேள்விக்கே தனி மார்க் கொடுக்கலாம். சார் சொன்ன பதில்: எம்பி கட்டவில்லை, ஆண்டுக்கு 5 கோடி வரை தொகுதி மேம்பாட்டு நிதியில் வேலையைப் பரிந்துரை மட்டும் செய்கிறார், ஒப்புதல் தருவதும் செய்து முடிப்பதும் மாவட்ட நிர்வாகம், பலகையில் மட்டும் பெயர். சட்டமன்றத்தின் ஆள் நிர்வாகத்தின் வேலையைச் செய்கிறார் என்று 2010-ல் பீம் சிங் வழக்கில் இதே வாதத்தை வைத்தார்கள், இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் திட்டத்தைக் காப்பாற்றியது. எனக்கு அந்தத் தீர்ப்பு முழுசாக ஒப்பவில்லை. பரிந்துரை என்று பெயர் வைத்தாலும் கலெக்டர் எத்தனை முறை முடியாது என்பார்? ஆனால் பரீட்சையில் தீர்ப்பைத்தான் எழுத வேண்டும்.

வேலூர்ப் பிள்ளைகளுக்கென்றே நடத்தியதுபோல இருந்தது அடுத்த வகுப்பு. 2017-ல் முதலமைச்சருக்கு ஆதரவை விலக்கிக்கொள்கிறோம் என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த எம்எல்ஏக்களில் 18 பேரை சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தாரே, அதில் குடியாத்தமும் ஆம்பூரும் உண்டு. சபை அரசைக் கேட்க வேண்டும் என்கிறது அம்பேத்கர் சொன்ன முறை. கட்சித் தாவல் தடைச் சட்டமோ 1985-லிருந்து ஆளும் கட்சி உறுப்பினர் வாயைக் கட்டுகிறது. கடிதம் கொடுத்ததே கட்சியை விட்டதாகுமா என்பதில் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் சரி என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18. அதே நாளில் நடக்க வேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தலோ, பணம் பிடிபட்டதால் தேர்தல் ஆணையம் பரிந்துரைக்க, இரண்டு நாள் முன்னால் குடியரசுத் தலைவர் கையெழுத்தில் ரத்தானது. குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் அன்றைக்கு எம்எல்ஏவுக்கு மட்டும் ஓட்டுப் போட்டார்கள்.

அதன் பலனை சார் தேதி போட்டுக் காட்டினார். புதிய மக்களவை ஜூன் 17 அன்று கூடியது. பட்ஜெட் போட்டது, ஏகப்பட்ட மசோதா நிறைவேற்றியது. நாம் ஓட்டுப் போட்டது ஆகஸ்ட் 5, காலையில் நாம் வரிசையில் நிற்க, மாநிலங்களவையில் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து பற்றிய 370 விவகாரம் வந்தது, மறுநாள் மக்களவையில் ஓட்டெடுப்பு, அத்தோடு கூட்டத்தொடரும் முடிந்தது. நம் ஓட்டு எண்ணிக்கை ஆகஸ்ட் 9. ஒரு முழுக் கூட்டத்தொடர் வேலூருக்கு எம்பியே இல்லை. நிர்வாகத்தை யாராவது கேட்க வேண்டும் என்றால் முதலில் அந்த யாராவது அங்கே இருக்க வேண்டுமே. கட்சிக்காரர்கள் சண்டை வரும் இந்த விஷயத்தை ஒரு கட்சியையும் இழுக்காமல் நடத்தி முடித்தார், அதற்குத் தனியாகப் பாராட்டு.

அவசரச் சட்டமும் அப்படித்தான். சட்டமன்றம் கூடாதபோது நிர்வாகமே சட்டம் போடலாம் என்பது பிரிவு 213, மூன்று கட்டப் படம் இங்கேதான் முழுசாக உடைகிறது. நோட்ஸில் ஜல்லிக்கட்டு என்று போட்டு விட்டுவிட்டார்கள். சார் நம் பக்கத்து எருது விடும் விழாவிலிருந்து ஆரம்பித்தார். 2017 ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா, சட்டத்தில் ஜல்லிக்கட்டு என்பதன் விளக்கத்திலேயே மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா மூன்றும் இருக்கின்றன, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றது. இரண்டே நாளில் சபைக்குக் கொண்டுபோனதால் இது முறையான வழி. அதற்கு எதிர்முனையில் பீகார்: 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள், சிலவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒன்றைப் பதினான்கு ஆண்டு வரைகூட உயிரோடு வைத்திருந்தார்கள். வாத்வா என்ற பொருளாதாரப் பேராசிரியர் வழக்குப் போட்டார், 1986-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது, மறுபடி மறுபடி போடுவது அரசியலமைப்பின் மீதே செய்யும் மோசடி என்று 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வில் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. பாட்னாவையும் நம் வேலூர்ப் பக்கத்து ஆனைக்கட்டையும் ஒரே வகுப்பில் கட்டிப்போட்ட ஆள் இவர்.

மாவட்டப் பிரிப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டார், எனக்கு அது இன்னும் வேண்டியிருந்தது. 1989-ல் வடாற்காடு பிரிந்தது, 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின, எல்லாம் அரசாணையில். மாநிலத்தைப் பிரிக்க நாடாளுமன்றச் சட்டம் வேண்டும், மாவட்டத்துக்கு அரசு உத்தரவு போதும். வாலாஜாக்காரர் ஒருவர் கலெக்டர் ஆபீஸுக்கு எந்தப் பக்கம் பஸ் ஏறுவது என்பதை சபையில் ஓட்டெடுப்பு இல்லாமலே மாற்றிவிட முடிகிறது. இதையே ஒரு மெயின்ஸ் கேள்வியாக்கியிருக்கலாம்.

இப்போது நோட்ஸ். 1,800 ரூபாய்க்குப் பழைய ஜெராக்ஸை ஸ்பைரல் போட்டுக் கொடுக்கிறார்கள். அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று அச்சாகியிருக்கிறது, 75(3) மக்களவைக்கு என்றுதான் சொல்கிறது, மாநிலங்களவை ஓட்டால் அரசு கவிழாது என்பதே அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. அவசரச் சட்டத்தின் ஆயுள் ஆறு மாதம் என்று இருக்கிறது. அவை மீண்டும் கூடியதிலிருந்து ஆறு வாரம் என்பதே சரி. அமைச்சர் எண்ணிக்கை 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற 91-வது திருத்தம் இருக்கிறது, ஆனால் 234 உறுப்பினர் உள்ள நம் சபைக்கு அது முதலமைச்சரையும் சேர்த்து 35 என்று ஒரு வரி போட யாருக்கும் மனசு வரவில்லை.

மிக மோசம் ஆளுநர் பகுதி. நம் ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் 8 தீர்ப்பு, பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்படும், காலக்கெடு உண்டு என்பதோடு நோட்ஸ் நின்றுவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன கருத்து அதில் கிடையாது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் கிடைத்ததாகவும் கொள்ள முடியாது, ஆனால் ஆளுநர் மசோதாவைக் காரணமே சொல்லாமல் காலவரையின்றி வைத்திருந்தால் ஏதாவது ஒரு முடிவெடுக்கும்படி மட்டும் சொல்லலாம். பழையதை மட்டும் படித்துவிட்டுப் போய் எழுதினால் நேராக மார்க் போகும். சார் வகுப்பில் திருத்திச் சொன்னார், கேட்டு எழுதியவர்களுக்குச் சரி. நோட்ஸை மட்டும் தபாலில் வாங்குகிற வெளியூர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆபீஸில் கேட்டால் அடுத்த பிரிண்டில் மாற்றுவோம் என்கிறார்கள்.

டெஸ்ட் சீரிஸ் விடைத்தாள் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகிறது. வந்தாலும் ஓரத்தில் ஒரு டிக், கீழே ஒரு எண், அவ்வளவுதான். எங்கே குறைந்தது என்று ஒரு வரி இல்லை. திருத்துவது சார் இல்லை, யார் என்றும் சொல்ல மாட்டார்கள்.

இடம் பற்றி: மேலே ஷீட் கூரை, வேலூர் மே மாதம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஃபேன் சூட்டைத்தான் சுற்றிவிடுகிறது. தண்ணீர் கேன் மதியத்துக்குள் காலி. பெண்களுக்குத் தனிக் கழிவறை இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். வண்டி நிறுத்த இடம் இல்லை, தெருக்காரர்களிடம் திட்டு வாங்கத் தயாராகப் போங்கள். ஞாயிறு வகுப்பு இழுத்துக்கொண்டே போகும், ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சாரே நேரம் பார்த்து அனுப்பிவிடுகிறார்.

சேருகிறவர்கள் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள், இரண்டாகக் கட்டலாம், போர்டில் எழுதவில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். நோட்ஸ் கட்டாயம் என்று ஆபீஸில் ஒரு அக்கா சொல்வார், கட்டாயம் இல்லை; வகுப்புக்கு மட்டும் என்று அழுத்திச் சொன்னால் எழுதிக்கொள்கிறார். அந்த 1,800-ல் அரசியலமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பும் ஒரு நல்ல நீள நோட்டும் வாங்கினாலே மிச்சம் இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்காருங்கள், பின்னால் உட்கார்ந்தால் ஃபேன் சத்தத்தில் பாதி கேட்காது.